முகூர்த்தத்துக்குப் பூ ஜடை: அட்டை இப்போதே, பூ முந்தின நாள்

கேள்வி: ஆவணியில் எனக்குக் கல்யாணம். சேலம் அம்மாப்பேட்டையில் மண்டபம், முகூர்த்தம் காலை 6.00 முதல் 7.30 வரை. மறுநாள் மாலை ஏற்காட்டில் மாப்பிள்ளை வீட்டு வரவேற்பு. பூ ஜடை, நெத்திச்சுட்டி இரண்டையும் நானே செய்துகொள்ள ஆசை. முடி நடு முதுகு வரைதான் இருக்கிறது. பார்லரில் கேட்டால், “வீட்டில் செய்தால் தொங்கிப்போகும், விடிவதற்குள் வாடிவிடும்” என்கிறார்கள். உண்மையா? எங்கிருந்து ஆரம்பிப்பது? மறுநாளும் அதே ஜடையைப் போடலாமா?
— அஸ்தம்பட்டி வாசகி

தாராளமாகச் செய்யலாம். ஆனால் முழுதையும் நீங்களே செய்ய நினைக்காதீர்கள். ஜடைக்கு அடியில் இருக்கும் அட்டையை நீங்கள் செய்யுங்கள், இப்போதே. பூத் தைக்கும் வேலையை முந்தின நாள் சாயங்காலம் அத்தை, சித்தி கையில் விட்டுவிடுங்கள். அன்றைக்கு உங்கள் கையில் மருதாணி இருக்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும், ராத்திரி நாலு மணி நேரமாவது தூங்க வேண்டும். மணப்பெண் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்குத்தான் படபடப்பு.

பார்லரில் சொன்னதில் பாதி உண்மை. வீட்டில் செய்கிற ஜடை தொங்கிப்போவதற்குக் காரணம் பூ இல்லை, ஒரே நீளப் பட்டையாகச் செய்வதுதான். இரண்டு அடி நீள அட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தால், அட்டை வளையாது. கீழ்முனை தரையில் முட்டி, மேல்முனை பின்னந்தலையை நெம்பும். பத்து நிமிஷத்தில் ஊசிகள் கழன்று ஜடை ஒரு பக்கமாகச் சாயும். அதனால் துண்டு துண்டாகச் செய்யுங்கள்.

முதலில் அளவு. நின்றபடி எடுக்காதீர்கள். வீட்டில் மணை இருந்தால் அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, பின்கழுத்திலிருந்து மணை வரை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். மேலே நாலு விரல் அளவைக் கழித்துவிடுங்கள். அந்த இடத்தில் ஜடை மெல்லியதாக, வெறும் பின்னலும் ஒரு சரமுமாக இருந்தால் போதும். காரணம் இருக்கிறது. தாலி கட்டும்போது முடிச்சு விழுவது அங்கேதான். நாத்தனார் பின்னால் நின்று ஜடையைத் தூக்கிப் பிடிப்பார். கனமான பூ அந்த இடத்திலேயே ஆரம்பித்தால் தூக்கவும் முடியாது, மாப்பிள்ளையின் விரலும் நுழையாது. மாலை மாற்றிய பிறகு ரோஜா மாலை வந்து அழுத்துவதும் அதே இடத்தில்தான்.

பெரும்பாலானவர்களுக்கு மிச்சம் 20 அங்குலம் சுமாருக்கு வரும். அதற்கு ஏழு துண்டுகள். ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல உயரம். அகலம் மேல் துண்டுக்கு மூன்று அங்குலம், படிப்படியாகக் குறைந்து கடைசித் துண்டுக்கு ஒன்றரை. பட்டுப்புடவைப் பெட்டியின் அட்டையே போதும், புதிதாக வாங்க வேண்டாம். பூவின் ஈரத்தில் அட்டை ஊறிவிடும் என்பதால், வெட்டியதும் அகலமான செல்லோ டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டிவிடுங்கள். அதன்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்தால் ஊசி இறங்க இடம் கிடைக்கும். ஏழையும் ஒரு நீள நாடாவின்மேல், நடுவில் சுண்டுவிரல் அகலத்தில் பாதி இடைவெளி விட்டு, வரிசையாகத் தைத்துவிடுங்கள். இப்போது கையில் எடுத்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் மடியும். ஒவ்வொரு இடைவெளியிலும் குறுக்காக ஒரு முழ நாடா. பின்னலைச் சுற்றிக் கட்டுவதற்கு இது. முடிச்சு பக்கவாட்டில், அட்டையின் ஓரத்துக்கு அடியில் வரட்டும். முதுகுப் பக்கம் போட்டால் உறுத்தும்.

பின்பக்கத்துக்கு ஒரு லைனிங் கட்டாயம் வேண்டும். ரோஜா இதழும் மரிக்கொழுந்தும் ஈரத்தில் சாயம் விடும், பட்டு ஜாக்கெட்டில் பட்டால் போகாது. தையல்காரரிடம் ஈரம் இறங்காத லைனிங் துணி வாங்கி ஒவ்வொரு துண்டின் முதுகுப் பக்கத்திலும் வைத்துத் தைத்துவிடுங்கள். தையல்காரரிடம் போகும்போதே, முகூர்த்த ஜாக்கெட்டுக்கும் கூறைப்புடவை ஜாக்கெட்டுக்கும் கொக்கியை முன்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். நடுவில் கூறைப்புடவை மாற்றப் போகும்போது, முதுகுக் கொக்கி என்றால் ஜடையைக் கழற்றிப் போட்டாக வேண்டும். அந்த அவசரத்தில் ஒழுங்காகத் திரும்பக் கட்ட ஆள் கிடைக்காது.

துண்டுகளாகச் செய்வதில் இன்னொரு லாபம். நாடாவில் இரண்டிரண்டு தையல் மட்டும் போட்டுவைத்தால், சாயங்காலம் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம். ஐந்தாறு பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும். யாருக்குத் தைக்கத் தெரியும் என்று யோசிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய அத்தைகளைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் கோடை லீவில் பூ ஜடை தைத்துப் போட்டு, ஸ்டுடியோவில் பின்னால் ஒரு கண்ணாடியை வைத்து ஜடை தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளாத பெண்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. கைக்கு ஞாபகம் இருக்கும்.

தைக்கும் முறை சுலபம். மொட்டின் காம்பை நகக்கண் அளவுக்கு விட்டுக் கிள்ளிவிடுங்கள். நீளமாக விட்டால் வரிசைக்கு வரிசை காம்பு சேர்ந்து நடுவில் மேடு கட்டும். ஊசி இதழில் போகக் கூடாது, பச்சைக் காம்பில் போக வேண்டும். இதழில் குத்தினால் அந்த இடம் ஒரு மணி நேரத்தில் பழுப்பாகும். வலப்பக்கம் மூன்று மொட்டு, இடப்பக்கம் மூன்று, தலைகள் வெளியே பார்க்க. அடுத்த வரிசை முந்தின வரிசையின் காம்பை மறைக்கும். நடுக்கோட்டில் மிஞ்சும் காம்புகளை மறைக்க, மடித்த ரோஜா இதழோ கனகாம்பரமோ. வீடியோக்களில் ‘குளூ கன்’ வைத்து ஒட்டுகிறார்கள். பார்க்க வேகமாக இருக்கும், ஆனால் அந்தச் சூட்டில் பூ வெந்துவிடும். குண்டூசியும் வேண்டாம், நாற்காலியில் சாய்ந்தால் முதுகில் ஏறும். எத்தனை ஊசி கொடுத்தீர்களோ அத்தனையும் திரும்பி வந்ததா என்று எண்ணி வாங்குங்கள். ஒரு காந்தத்தை ஜடைமேல் ஓட்டிப் பார்த்துவிட்டால் நிம்மதி.

ஒத்திகைக்கு மல்லிகையை வீணாக்க வேண்டாம். தெருவில் யார் வீட்டிலாவது நந்தியாவட்டைச் செடி இருக்கும். அதன் மொட்டு பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. பால் வடியும், துணியால் துடைத்துக்கொண்டே தையுங்கள். ஒரு துண்டு தைத்துப் பார்த்தால் எத்தனை மொட்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். என் கணக்கில் ஒரு துண்டுக்கு ஐம்பது, அறுபது. ஜடைக்குக் கால் கிலோ, தலையைச் சுற்றிவரும் சரத்துக்கும் கழிவுக்கும் இன்னொரு கால் கிலோ. ஆக அரைக் கிலோ குண்டுமல்லி மொட்டு. அட்டை, பூ, குஞ்சலம் எல்லாம் சேர்த்துச் சமையலறைத் தராசில் 400 கிராமைத் தாண்ட விடாதீர்கள். அதற்குமேல் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தலைவலி வந்துவிடும்.

பூவுக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வ.உ.சி. பூ மார்க்கெட்தான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, அது முடிந்ததும் ஆவணி முகூர்த்தங்கள் என்று அந்தச் சமயத்தில் விலை ஏறிக்கொண்டே இருக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போய் நின்று பேரம் பேச முடியாது. ஒரு வாரம் முன்பே ஒரு கடையில் சொல்லி, “உதிரி மொட்டு வேணும், சரம் வேணாம், மலர்ந்தது கலக்கக் கூடாது” என்று கறாராகப் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். குண்டுமல்லி விடிகாலையில் மொட்டாகப் பறித்து வருவது. அன்றைக்கு இருட்டும்போது மலர ஆரம்பிக்கும். கனகாம்பரம் பல நாள் மல்லியைவிட விலை கூட. ஆனால் லேசு, வாடவும் நேரமாகும். வாசனை இல்லாத குறையை மரிக்கொழுந்து தீர்த்துவிடும்.

அரளி மட்டும் வேண்டாம். பனமரத்துப்பட்டிப் பக்கம் விளைந்து மார்க்கெட்டில் குவியலாக வரும், நிறம் கண்ணைப் பறிக்கும், ஜடையில் வைத்தால் என்ன என்று தோன்றும். அந்தச் செடி முழுக்க நஞ்சு. காம்பை ஒடித்தால் வரும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும். வேர்வையோடு கழுத்தில் பல மணி நேரம் இருக்கப்போகிற பூ அது. சாமி மாலையோடு இருக்கட்டும்.

வாடாமல் வைப்பதற்கு வருகிறேன். பூவைத் தண்ணீரில் முக்காதீர்கள். வாங்கி வந்ததும் வாழை இலையில் பரப்பி, கைவிரலால் லேசாகத் தெளித்து, ஈரத் துணி போட்டு மூடி நிழலில் வையுங்கள். நாலு மணிக்குத் தைக்க உட்கார்ந்தால் ஆறு, ஆறரைக்கு முடியும். முடிந்த ஜடையை வாழை இலையில் சுருட்டாமல் நீட்டி வைத்து மூடி, ஒரு தட்டையான டப்பாவில் வைத்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மண்டபத்து பிரிட்ஜை நம்ப வேண்டாம், அதில் பால் பாக்கெட்டுக்கே இடம் இருக்காது. பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள். ப்ரீஸர் சுவரைத் தொட்ட பூ கருத்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிரில் மொட்டு மலர்வது தள்ளிப்போகும். காலையில் எடுத்தால் முக்கால்வாசி மொட்டாகவே இருக்கும், மேடையில் மெல்ல விரியும். ஒன்றிரண்டு துண்டு சொதப்பியிருந்தால் மாற்றிக்கொள்ள, கூடுதலாக ஒரு துண்டு தைத்து வைப்பது நல்லது.

நடு முதுகு முடி ஒரு குறையே இல்லை. சவுரி (ஒட்டு முடி) வைத்துப் பின்னத்தான் போகிறார்கள். தலைக்குக் குளிப்பதை முந்தின நாளே முடித்துவிடுங்கள், கண்டிஷனர் போடாமல், எண்ணெய் வைக்காமல். வழுவழுப்பான முடியில் ஊசி நிற்காது. துண்டுகளைத் தாங்கும் நீள நாடாவின் மேல்முனை, ராக்கொடிக்கு (பின்னந்தலையில் வைக்கும் வட்ட நகை) அடியில், பின்னல் ஆரம்பிக்கிற முடிக்கற்றையைச் சுற்றி இறுக்கமாக வரட்டும். பாரத்தைப் பின்னல் தாங்க வேண்டும், கொண்டை ஊசிகள் இல்லை. புடவை கட்டி முடித்த பிறகு, மேடைக்குப் போகும் முன் கடைசி வேலையாக ஜடையைக் கட்டுங்கள்.

நெத்திச்சுட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முத்தும் கல்லும் கோப்பது எளிது. தோலில் படுகிற கொக்கியிலும் சங்கிலியிலும்தான் கவனம் வேண்டும். மட்டமான கவரிங் உலோகம் வேர்வை பட்டால் நெற்றியில் அரிக்கும், மேக்கப்புக்கு மேலே சிவப்பு தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. சங்கிலியையும் கொக்கியையும் மட்டும் வெள்ளியில் வாங்கி மெருகு போட்டுக்கொள்ளுங்கள். நடுப் பதக்கம் எதுவானாலும் கனம் கூடாது. வகிட்டின் உச்சியில் ஒரு கொக்கி போதாது, பாதி வழியில் முடிக்குள் மறையும்படி இன்னொன்று போட்டால்தான் குனிந்து நிமிரும்போது சுட்டி ஆடாது.

கடைசியாக ஏற்காடு. அதே பூ வேண்டாம், அதே அட்டை போதும். கல்யாணத்தன்று மத்தியானமே நூலை வெட்டிப் பூவைக் கழித்து, அட்டையை மின்விசிறிக்கு அடியில் காயவையுங்கள். மறுநாள் காலை புது மொட்டு வாங்கி, சேலத்திலேயே தைத்து, டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள். தலையில் கட்டிக்கொண்டு மலை ஏறாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் தலை சீட்டில் உருளும், மேலே போய் இறங்கும்போது பின்பக்கம் நசுங்கிய பூதான் இருக்கும். மேலே குளிர் என்பதால் மொட்டு அவ்வளவு சீக்கிரம் மலராது. மாலை ஏழு மணி வரவேற்புக்கு மல்லி விரிந்து தெரிய வேண்டுமென்றால் டப்பாவை ஐந்து மணிக்கே திறந்து அறைக்குள் வையுங்கள். ஏற்காட்டுக்காரர்கள் வீட்டில் யாராவது காப்பிப் பூவைப் பற்றிச் சொல்வார்கள், மல்லி போலவே வாசனை என்று. அது பங்குனி, சித்திரையில் மழை விழுந்த பிறகு பூப்பது, இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். ஆவணியில் கிடைக்கவும் கிடைக்காது. கிடைக்கிற மாதத்தில் கேட்டாலும் எஸ்டேட்காரர்கள் பறிக்க விடமாட்டார்கள், ஒவ்வொரு பூவும் ஒரு காப்பிப் பழம்.