பெரிய புல்லி வாங்கினால் வேகம் கூடுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். 26 அங்குலச் சக்கரமுள்ள மிதிவண்டியில் 49 சிசி இஞ்சின் பூட்டி, செம்பனைக்கு நடுவே செல்லும் மண்சாலையில் வேலைக்குப் போகிறேன். கியர் பெட்டியில் 5:1 என்று பொறித்திருக்கிறது. அதிலுள்ள புல்லி (பெல்ட் ஓடும் உருளை) 3 அங்குலம், சக்கரப் புல்லி 12 அங்குலம். 3 அங்குலத்துக்குப் பதிலாக மூன்றரை அங்குலப் புல்லியும் 'ரேஷியோ' (விகிதம்) மாற்றிய கிளட்சும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: கிளட்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். இவ்வகை வண்டிகளில் உள்ள மையவிலக்குக் கிளட்ச் (இஞ்சின் வேகம் கூடும்போது தானாகவே பிடிப்பது), முழுதாகப் பிடித்த பிறகு இஞ்சின் சுற்றும் அதே வேகத்தில்தான் சுற்றும். அதற்கென்று தனி விகிதம் கிடையாது. கடைகளில் கிளட்ச் ரேஷியோ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அதனோடு இணைந்த கியர் பெட்டியின் விகிதத்தையே குறிக்கும். உங்கள் வண்டியில் அது 5.

புல்லிகளின் விகிதம் 12-ஐ 3-ஆல் வகுக்க 4. இரண்டையும் பெருக்கினால் 20. அதாவது இஞ்சின் 20 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது சக்கரம் 300 முறை சுற்றும். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.07 மீட்டர் கடப்பதால், வேகம் மணிக்கு 37 கிலோமீட்டர். மூன்றரை அங்குலப் புல்லி போட்டால் மொத்த விகிதம் ஏறத்தாழ 17 ஆகக் குறைந்து, கணக்குப்படி வேகம் 43 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும்.

ஆனால் அந்த ஆறு கிலோமீட்டருக்காகச் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசையில் ஏழில் ஒரு பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். சமதளத்தில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். மழையில் ஊறிய மேட்டில் பின்னால் ஒரு மூட்டையோடு ஏறும்போது இஞ்சின் திணறி, 6,000 சுற்றை எட்டவே முடியாமல், பழைய புல்லியில் ஏறிய வேகம்கூடக் கிடைக்காமல் போகும். கிளட்சும் பாதிக்கப்படும். அது 2,600 சுற்றில் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், இப்போது மணிக்கு 16 கிலோமீட்டரிலேயே வழுக்காமல் ஓடத் தொடங்கும். புதிய புல்லியில் அதற்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வேண்டும். அதுவரை கிளட்ச் கட்டைகள் தேய்ந்து சூடேறும் என்பதால், கிளம்பும்போது கூடுதல் தூரம் மிதித்துத் தர வேண்டியிருக்கும்.

ஆகவே மேடுள்ள தோட்டச் சாலைக்கு இப்போதுள்ள புல்லியே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தில் நல்ல பிரேக் கட்டைகள் வாங்குங்கள். சாதாரண மிதிவண்டி பிரேக்குக்கு, ஈர மண்ணில் 37 கிலோமீட்டரே அதிகம். உங்கள் பாதை முழுவதும் சமதளமாக இருந்து, மாற்றியே தீர வேண்டுமென்றால், புல்லியின் வெளி விளிம்பை அல்ல, பெல்ட் பதியும் இடத்தின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். தண்டுத் துளையும் சாவிக் காடியும் (புல்லி தண்டில் நழுவாமல் பூட்டும் பள்ளம்) பொருந்துகின்றனவா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். பெல்ட்டும் இப்போதுள்ளதைவிட முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அளவு நீளமாகத் தேவைப்படும்.

இன்னொன்று, இஞ்சின் பூட்டிய மிதிவண்டி மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனம். பதிவும் காப்புறுதியும் இல்லாமல் அதைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. தோட்டத்துக்குள் ஓட்டவும் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.