பனி இல்லாத மேடையில் ஃபிகர் ஸ்கேட்டிங்: கேள்வி பதில்

ஹோட்டல் ஹால், மால், திறந்தவெளி மேடை என்று ஐஸ் ரிங்க் இல்லாத இடங்களில் ஃபிகர் ஸ்கேட்டர்கள் நிகழ்ச்சி நடத்துவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த வகை நிகழ்ச்சிகளுக்கு நடனம் அமைப்பதும் தரை போடும்போது கூட நின்று பார்ப்பதும் என் வேலை. தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, ஒரு கல்யாண வரவேற்பில் ஜோடியாகச் சறுக்கி ஆடினார்கள். தரை வெள்ளையாக இருந்தது, ஆனால் குளிரவே இல்லை. அது என்ன?

பிளாஸ்டிக். பாலிஎத்திலீன் குடும்பத்தில் மிக அடர்த்தியான, தேயாத ஒரு வகை. பலகை பலகையாக வரும், ஓரங்களைக் கோத்து விரிப்பார்கள். சிலவற்றின் மேல் சிலிக்கான் திரவம் தடவுவார்கள், சிலவற்றில் எண்ணெய்ப் பசை உள்ளேயே கலந்திருக்கும். காலில் இருப்பது வழக்கமான ஐஸ் ஸ்கேட்தான்.

அப்படியானால் ஐஸில் செய்வதையெல்லாம் அதிலும் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வேறு மாதிரி. ஐஸின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய நீர் போன்ற ஒரு படலம் இருக்கும். பிளேடு அதன்மேல்தான் வழுக்குகிறது. பிளாஸ்டிக்கில் அந்தப் படலம் கிடையாது, அதனால் உராய்வு அதிகம். ஐஸில் ஒரு தள்ளு தள்ளினால் அரங்கின் பாதி தூரம் போகலாம். இங்கே கொஞ்ச தூரத்திலேயே வேகம் செத்துவிடும். ஸ்பின்னும் சீக்கிரம் அடங்கும்.

ஜம்ப்பில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பிரச்சினை. ஐஸில் ஒற்றைக் காலில் இறங்கி, பின்னோக்கி நீளமாக வழுக்கி, கையை விரித்து நிற்பார்களே, அந்த அழகு முழுக்க வழுக்கலில் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் இறங்கிய கையோடு வேகம் போய்விடும். அதனால் நான் அமைக்கும் நடனங்களில் இறங்கிய உடனே ஒரு திருப்பமோ, துணையின் கையைப் பிடிக்கும் அசைவோ வைத்துவிடுவேன். ஆக்ஸல் (முன்னோக்கிப் பார்த்தபடி கிளம்பும் ஜம்ப்) மாதிரி ஜம்ப்களில் கிளம்பும் நொடியில் பிளேடு லேசாகப் பக்கவாட்டில் நழுவ வேண்டும். பிளாஸ்டிக் அந்த நழுவலை எளிதில் விடாது. ஐஸில் டபுள் ஆக்ஸல் போடுபவர் இங்கே சிங்கிளோடு நிறுத்தினால் அது திறமைக் குறைவு இல்லை, புத்திசாலித்தனம்.

விழுந்தால் ஐஸைவிட வலி குறைவுதானே?

இல்லை, இந்த எண்ணம் ஆபத்தானது. ஐஸில் விழுந்தால் உடம்பு வழுக்கிக்கொண்டே போய் விழுந்த வேகம் கரையும். பிளாஸ்டிக்கில் விழுந்த இடத்திலேயே நிற்பீர்கள். இடுப்பும் முழங்கையும் மொத்த அடியையும் வாங்கும், தோல் உரசி எரியும். அப்புறம், பிளேடு சீவிய வெள்ளைத் துகள் நிலைமின்சாரத்தால் உடையில் அப்பிக்கொள்ளும். கறுப்பு உடை போட்டால் இரண்டாவது பாட்டுக்குள் மாவு மில்லிலிருந்து வந்தவர் போல ஆகிவிடுவீர்கள்.

துபாயில் நிகழ்ச்சி ஏற்பாட்டு வேலையில் இருக்கிறேன். ஒரு ஜோடியை அழைக்கும் முன் என்னென்ன கவனிக்க வேண்டும், மேடம்?

முதலில் அடித்தளம். பிளாஸ்டிக் பலகைக்குக் கீழே உள்ள தரை சமமாக இல்லாவிட்டால் இணைப்பில் ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும். நகம் தடுக்கும் அளவு உயரம் போதும், பிளேடின் முன்பல் அதில் மாட்டிவிடும். கம்பளத்தின் மேல் நேரடியாக விரிக்கவே விரிக்காதீர்கள், ஆள் ஏறியதும் அமுங்கும். விரித்த பிறகு ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். நான் இன்றும் மண்டியிட்டு அதைச் செய்கிறேன்.

இரண்டாவது, ஒத்திகை. விருந்தினர் வரும் நேரத்தில் கலைஞர்களை நேராக மேடையேற்றுவது கொடுமை. ஒலிம்பிக் அளவு ரிங்க் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீங்கள் கொடுக்கப்போவது ஒரு ஹாலின் மூலை. அந்த அளவுக்கு உடம்பு பழக வேண்டும், ஒளி எங்கிருந்து கண்ணில் அடிக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு நேரம் தர முடியாது என்றால், ஆணின் தோளுக்கு மேல் பெண் தூக்கப்படும் எந்த அசைவையும் கேட்காதீர்கள்.

நிஜ ஐஸே போட்டுவிட்டால்?

போடலாம். கிளைகால் (glycol) என்ற, எளிதில் உறையாத குளிர்ந்த திரவம் ஓடும் குழாய்களை விரித்து, அதன்மேல் நீரை அடுக்கடுக்காக உறைய வைக்க வேண்டும். நேரமும் மின்சாரமும் நிறையப் பிடிக்கும். பல நாள் நிகழ்ச்சி என்றால் அதுதான் சிறந்தது. ஒரு மாலைக்கு என்றால் வேண்டாம்.

இதெல்லாம் இப்போது வந்த மோகம்தானே?

இல்லவே இல்லை. 1849-இல் பாரிஸில் இசையமைப்பாளர் மேயர்பீரின் 'லெ ப்ரொஃபெட்' ஓபராவில் உறைந்த ஏரிக் காட்சிக்காக நடனக்காரர்கள் சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடினார்கள். பனி இல்லாமலே பனியைக் காட்டியது அப்போதே நடந்துவிட்டது. அந்த இசையை வைத்து 1937-இல் லண்டனில் ஃப்ரெடரிக் ஆஷ்டன் ஒரு பாலே அமைத்தார். அதில் ஸ்கேட்டே கிடையாது, வெறும் பாலே காலணியில் சறுக்கலைக் காட்டுவார்கள். ஸ்கேட்டர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வழுக்கல் என்பது காலில் மட்டும் இல்லை, தோளிலும் பார்வையிலும் இருக்கிறது என்று புரியும்.

நிஜ ஐஸை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனதும் பழைய கதைதான். ஜெர்மனியின் ஸ்கேட்டர் ஷார்லொட் 1915-இல் நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் அரங்க மேடையில் ஆடினார். 'ஹாலிடே ஆன் ஐஸ்' என்ற ஐஸ் ஷோ 1943-இல் ஒஹாயோவின் டோலிடோவில் தொடங்கி, பெயர்த்து எடுத்துப்போகும் ரிங்க்கோடு உலகம் சுற்றியது. 1999-இல் வந்த 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' கப்பலுக்குள்ளேயே ஐஸ் ரிங்க் இருந்தது.

பேக்ஃப்ளிப் (பின்னோக்கி அடிக்கும் குட்டிக்கரணம்) தடை செய்யப்பட்ட அசைவு என்றார்களே, ஷோவில் செய்கிறார்களே?

தடை இருந்தபோதும் அது போட்டிக்கு மட்டும்தான். டெர்ரி குபிக்கா 1976 ஒலிம்பிக்கில் செய்த பிறகு தடை வந்தது. சூர்யா பொனாலி 1998 நாகானோ ஒலிம்பிக்கில் தடையை மீறிச் செய்து ஒற்றைக் காலில் இறங்கினார். 2024-இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தடையை எடுத்துவிட்டது. நடுவில் அந்த அசைவைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் ஷோ கலைஞர்கள்தான். ஸ்காட் ஹாமில்டன் அதைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்.

என் மகள் போட்டிகளை விடப்போகிறாள். ஷோ வேலைக்குப் போனால் தரம் இறங்கியதாகுமா?

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. போட்டியில் மதிப்பெண் போடுபவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். ஷோவில் ஆறடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை நிமிர்ந்து பார்க்க வைக்க வேண்டும். அது தனிக் கலை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சக்கர ஸ்கேட், துணியில் தொங்கி ஆடும் ஏரியல், கொஞ்சம் நாடகம் கற்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் காயத்துக்கான காப்பீடு இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

பிளாஸ்டிக்குக்கும் ஐஸுக்கும் ஒரே ஸ்கேட் போதுமா?

வசதி இருந்தால் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தரை பிளேடின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும், அடிக்கடி சாணை பிடிக்க வேண்டிவரும். பழைய ஜோடியை அதற்கென்று ஒதுக்கி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் பிளேடின் இரண்டு ஓரங்களையும் (எட்ஜ்) சரிபாருங்கள்.