நீட்டிய கை: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கேள்வி பதில்

மேரி ஷெல்லி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை நம் வாசகர் குழு இந்த மாதம் படித்து முடித்தது. உறுப்பினர்களின் கேள்விகளுக்கு, இந்த நாவலைக் கல்லூரியில் பல ஆண்டுகள் நடத்திய ஆசிரியை ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: அம்மா, ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்கு என்னதான் பெயர்?

பதில்: பெயரே கிடையாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் குடும்பப் பெயர். ஜெனீவாவைச் சேர்ந்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இராப்பகலாக உழைத்து ஓர் உயிரை உண்டாக்குகிறான். பிள்ளை பிறந்தால் பெயர் வைப்போம் அல்லவா? அதைக்கூட அவன் செய்யவில்லை. பேய், பிசாசு என்று வாய்க்கு வந்தபடி திட்டுவதோடு சரி. 1823இல் இந்தக் கதை லண்டனில் நாடகமானபோது, நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயருக்குப் பதில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். நாடகம் பார்க்கப் போன மேரிக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

நீங்கள் ‘அது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ‘அவன்’ என்றே எழுதுவேன்.

கேள்வி: ஏன் ‘அவன்’? பிணங்களின் துண்டுகளைக் கோத்துச் செய்த உருவம் அஃறிணைதானே?

பதில்: தமிழில் இந்த நாவலைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். ‘அது’ என்று எழுதினால் விக்டரின் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று பொருள்.

காட்டோரத்தில் டி லேசி குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் அவன் ஒளிந்திருக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர்களுடைய உணவைத் திருடித் தின்கிறான். அவர்களே அரைவயிற்றுக்குத்தான் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து திருடுவதை நிறுத்திவிட்டுக் காட்டுக் கிழங்கையும் கொட்டைகளையும் தின்று காலம் தள்ளுகிறான். இரவில் விறகு வெட்டி வந்து வாசலில் போடுகிறான், பாதையில் கிடக்கும் பனியை ஒதுக்குகிறான். சுவர் இடுக்கு வழியாகக் கேட்டே மொழி கற்றுக்கொள்கிறான். காட்டில் கண்டெடுத்த தோல்பெட்டியில் இருந்த மில்டனையும் புளூட்டார்க்கையும் கதேயையும் படித்து அழுகிறான். 1931இல் வந்த படத்தில் அவன் வாய் திறந்து ஒரு சொல் பேசுவதில்லை. நாவலிலோ நடுப்பகுதியின் பல அத்தியாயங்கள் அவன் ‘நான்’ என்று தொடங்கிச் சொல்லும் சொந்தக் கதை. அப்படிச் சொல்பவனை அஃறிணையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எல்லை மீறும் விஞ்ஞானம் ஆபத்து என்பதுதானே நாவலின் கருத்து? தேர்வில் அப்படித்தான் எழுதினேன்.

பதில்: மதிப்பெண் கிடைத்திருக்கும், தம்பி. வடதுருவத்தைத் தேடிக் கப்பலில் போகும் வால்ட்டனிடம் விக்டரே அந்த எச்சரிக்கையைச் சொல்கிறான். காலமும் அப்படிப்பட்டது. செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதை இத்தாலிய விஞ்ஞானி கால்வானி காட்டியிருந்தார். 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் கால்வானியின் சகோதரி மகன் ஆல்டினி மின்சாரத்தைச் செலுத்தியபோது, பிணத்தின் தாடை அசைந்து ஒரு கண் திறந்தது.

ஆனால் அவன் உயிர்பெறும் அந்த நவம்பர் இரவைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணி. சன்னலில் மழை. மெழுகுவர்த்தி அணையும் நிலை. மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. அடுத்த நிமிடமே விக்டர் அறையை விட்டு ஓடிவிடுகிறான். பிறந்தவன் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. பார்க்க அழகாக இல்லை, அவ்வளவே. படுக்கையின் திரையை விலக்கிக்கொண்டு வந்து, ஏதோ குழறி, சிரிக்க முயன்று, கையை நீட்டுகிறான். விக்டர் மீண்டும் ஓடுகிறான். விடியும்வரை முற்றத்தில் நடக்கிறான். என் கணக்கில் குற்றம் இங்கேதான் நடக்கிறது. உயிர் கொடுத்ததை மன்னிக்கலாம். கொடுத்துவிட்டுக் கைவிட்டதை மன்னிக்க என்னால் முடியவில்லை. பின்னால், செய்யாத கொலைக்காகப் பணிப்பெண் ஜஸ்டின் தூக்கில் தொங்கும்போதும் இதே விக்டர் உண்மை தெரிந்தும் வாய் திறப்பதில்லை. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களாம்.

கேள்வி: எழுதத் தொடங்கியபோது மேரிக்கு 18 வயது. அந்த வயதில் இவ்வளவு இருட்டு எங்கிருந்து வந்தது?

பதில்: 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டில் அடைந்து கிடந்த நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். எல்லோரும் சொல்லும் கதை இது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மேரி பிறந்த பதினோராம் நாள் பிரசவக் காய்ச்சலில் தாய் இறந்தார். 1815இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை இரண்டு வாரத்திற்குள் இறந்தது. அந்த மார்ச் மாத நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதியிருக்கிறார்: குழந்தை சாகவில்லை, உடல் சில்லிட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான், நெருப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டது. விழித்தால் குழந்தை இல்லை. செத்த உடலுக்கு உயிர் திரும்பும் கதையை அடுத்த ஆண்டு எழுதத் தொடங்கியவர் இந்தத் தாய்.

கேள்வி: விக்டரின் தம்பி, சின்னப் பையன் வில்லியமைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன்மேல் இவ்வளவு பரிவு தேவையா?

பதில்: நியாயமான கோபம். பிள்ளையைக் கொன்றதோடு நிற்காமல் பழியை ஜஸ்டின்மேல் விழவும் செய்தான். ‘நான் நல்லவனாக இருந்தேன், துயரம் என்னைக் கொடியவன் ஆக்கியது’ என்று அவன் சொல்வது உண்மைதான். அதற்காக வில்லியமின் சாவு இல்லையென்று ஆகிவிடாது. கடைசியில் அவனே தன்னை மன்னிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அவன் கேட்டதற்காக விக்டர் படைக்கத் தொடங்கிய பெண் துணையைப் பாதியிலேயே ஏன் அழித்தான்?

பதில்: அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்து ஓர் இனமே பெருகிவிடும் என்ற அச்சம். இன்னொன்றையும் கவனியுங்கள்: மனிதர்களை விட்டு விலகி வாழ்வோம் என்று, அவள் பிறப்பதற்கு முன்பே அவன் கொடுத்த வாக்கை அவள் ஏற்காமலும் போகலாம் என்று விக்டர் ஒரு கணம் நினைக்கிறான். அவளுக்கும் ஒரு மனம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றும் ஒரே இடம் அதுதான். அடுத்து அவளைக் கிழித்தெறிகிறான்.

கேள்வி: 1818 பதிப்பா, 1831 பதிப்பா?

பதில்: 1818. ஆசிரியர் பெயர் இல்லாமல் 500 பிரதிகள் மட்டும் அச்சான பதிப்பு. 1831இல் திருத்தியபோது மேரி விதியின்மேல் அதிகப் பாரம் ஏற்றிவிட்டார். முதல் பதிப்பில் விக்டர் அவ்வளவு எளிதாக விதியின் பின்னால் ஒளிய முடியாது.

கேள்வி: மறுபடியும் படிக்கப் போகிறேன், அம்மா. எதைக் கவனிக்கட்டும்?

பதில்: கைகளை. பிறந்த இரவில் நீட்டிய கையைச் சொன்னேன். பிச்சைக்காரர்கள் விட்டுச்சென்ற நெருப்பு இதமாக இருக்கிறதே என்று தணலுக்குள் கைவிட்டுச் சுட்டுக்கொள்கிறான். அவன் பேச்சை அருவருப்பில்லாமல் கேட்ட ஒரே மனிதர், கண் தெரியாத முதியவர் டி லேசி. அவர் கையைப் பற்றிக்கொண்டு ‘என்னைக் காப்பாற்றுங்கள்’ என்று கெஞ்சும் நேரத்தில் மகன் ஃபீலிக்ஸ் வந்து தடியால் அடிக்கிறான். ஆல்ப்ஸ் பனிமலையில், என் கண்முன் நிற்காதே என்று விக்டர் கத்தும்போது, ‘இதோ, பார்க்க வேண்டாம்’ என்று தன் கைகளால் விக்டரின் கண்களை மூடுகிறான். விக்டர் அவற்றை உதறித் தள்ளுகிறான்.

கடைசியாக, வடதுருவப் பனியில் சிக்கி மீண்ட வால்ட்டனின் கப்பலில் விக்டர் இறந்து கிடக்கிறான். வால்ட்டன் அறைக்குள் நுழைகிறான். சவப்பெட்டியின்மேல் ஓர் உருவம் குனிந்திருக்கிறது. கலைந்த நீண்ட முடி முகத்தை மறைத்திருக்கிறது. பதப்படுத்திய பிணத்தின் நிறத்தில் ஒரு பெரிய கை மட்டும் நீண்டிருப்பது தெரிகிறது. அந்தப் பக்கத்தை மெதுவாகப் படியுங்கள்.