வாசகர் கேள்வி பதில்: வளர்ப்பு இல்லத்தில் வளர்ந்தவர்களும் தொழில் வெற்றியும்

கேள்வி: பெற்றோரைப் பிரிந்து வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்த சிலர் பெரிய தொழிலதிபர்களாகியிருப்பதைப் படிக்கிறோம். இளமையில் பட்ட கஷ்டம்தான் அவர்களை உயர்த்தியது என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் சொல்வது சரியாகாது. கஷ்டப்பட்டவர்களில் முன்னுக்கு வந்தவர்களை மட்டுமே பத்திரிகைகள் தேடிப் போய்ப் பேட்டி காண்கின்றன. அதே கஷ்டத்தில் கரைசேராமல் போனவர்களை யாரும் தேடுவதில்லை. வென்றவர்களின் வரலாற்றையே நிதானமாகப் படித்தால், கஷ்டத்தைத் தவிர இன்னொன்றும் அவர்களுக்கு வாய்த்திருந்தது தெரியவரும்.

ஜான் பால் டிஜோரியா 1944-இல் லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்தவர். தாயால் தனியாகக் குடும்பத்தைத் தாங்க முடியாததால், சிறு வயதில் வார நாள்களை வளர்ப்பு இல்லத்தில் கழித்து, வார இறுதியில் மட்டும் தாயிடம் சென்றுவந்தார். பின்னாளில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கலைக்களஞ்சியம் விற்றார். தங்க இடமின்றிக் காரில் உறங்கிய காலமும் உண்டு. 1980-இல் சிகையலங்காரக் கலைஞர் பால் மிட்செலுடன் சேர்ந்து, 700 டாலர் முதலீட்டில் கூந்தல் பராமரிப்புப் பொருள்களை விற்கத் தொடங்கினார். வண்ண அச்சுக்குப் பணமில்லாமல் புட்டிகளின் மேல் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டார்கள். பிற்காலத்தில் அதுவே நிறுவனத்தின் அடையாளமாயிற்று. காரில் உறங்கிய கதையைச் சொல்பவர்கள், அவர் அதற்கு முன்பே அதே துறையில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றிருந்ததையும், கூட்டாளி ஏற்கெனவே பெயர் பெற்ற கலைஞர் என்பதையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

லக்சோட்டிகா என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனத்தை 1961-இல் இத்தாலியில் தொடங்கிய லியோனார்தோ டெல் வெக்கியோவும் அப்படித்தான். பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்த அவரை, வறுமை காரணமாகத் தாய் ஏழு வயதில் மிலான் நகர அனாதை இல்லத்தில் சேர்த்தார். அவர் இளம் வயதிலேயே பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்து, உலோக அச்சுகள் செய்யும் வேலையைக் கற்றார். கையில் இருந்த அந்தத் தொழில்தான் அவருடைய மூலதனம். அனாதை இல்லம் அல்ல.

கேள்வி: ஸ்டீவ் ஜாப்ஸையும் இந்த வரிசையில் சேர்க்கலாம் அல்லவா?

பதில்: சேர்க்க முடியாது. அவர் பிறந்தவுடனேயே தத்துக் கொடுக்கப்பட்டு நிலையான குடும்பத்தில் வளர்ந்தவர். ஆப்பிளின் தொடக்க கால வேலைகள் நடந்ததே அந்தப் பெற்றோரின் வீட்டில்தான். வளர்ப்பு இல்லத்துப் பிள்ளைகளுக்கு இல்லாதது அந்த வீடுதான்.

கேள்வி: வளர்ப்புப் பிள்ளையாக என் பராமரிப்பில் இருக்கும் பையனுக்கு வயது 17. கைபேசி பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரன். 18 முடிந்ததும் சொந்தக் கடை வைப்பேன் என்கிறான். ஊக்குவிப்பதா, தடுப்பதா?

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா, தள்ளிப்போடச் சொல்லுங்கள். பெற்றோர் வீட்டில் இருக்கும் பிள்ளையின் கடை மூடப்பட்டால், அவன் பழைய அறைக்குத் திரும்பி, சாப்பிட்டுக்கொண்டே அடுத்ததை யோசிப்பான். 18 வயதோடு பராமரிப்புக் காலம் முடிந்துவிடும் வளர்ப்புப் பிள்ளைக்கோ கடையும் தங்குமிடமும் ஒரே மாதத்தில் போய்விடலாம். ஆகவே, கடைக்கு வாடகை பேசுவதற்கு முன் தங்க ஓரிடம் உறுதியாக வேண்டும். பராமரிப்பை 18-க்குப் பிறகும் நீட்டிக்க வழியுண்டா என்று பொறுப்பு அதிகாரியிடம் இப்போதே கேளுங்கள். அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் கூட்டரசு நிதியுதவியோடு 21 வயது வரை நீட்டிக்க இடமளிக்கிறது.

அவன் பெயரில் ஏற்கெனவே கடன் ஏதும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல வீடுகள் மாறிய பிள்ளையின் அடையாள விவரங்கள் பலர் கையில் புழங்கியிருக்கும். அவற்றை வைத்து உறவினரோ மற்றவரோ கடன் வாங்கிவிடுவது நடப்பதுதான். இதற்காகவே அமெரிக்கச் சட்டம், பராமரிப்பில் உள்ள 14 வயதுக்கு மேற்பட்டோரின் கடன் அறிக்கையை ஆண்டுதோறும் பெற்றுத் தர வேண்டும் என்கிறது. வங்கியில் முதல் விண்ணப்பம் போடும் நாளில் இது தெரியவந்தால் அவன் மனமுடைந்துபோவான். பிறப்புச் சான்றிதழ் முதலிய மூலப் பத்திரங்களையும் அவன் கையில் ஒப்படையுங்கள்.

அதுவரை வேறொருவர் கடையில் சம்பளத்துக்கு இருக்கட்டும். வந்த பழுது, மாற்றிய பாகத்தின் விலை, வாங்கிய கூலி, அதே கைபேசி திரும்பி வந்ததா என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். திரையை மாற்றத் தெரிந்தவர்கள் ஏராளம்; திரும்பி வந்த வேலையில் எவ்வளவு நட்டம் என்று தெரிந்தவர்கள்தான் கடை நடத்துகிறார்கள். நீங்கள் பணம் கொடுப்பதாக இருந்தால், அது கடனா அன்பளிப்பா என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் விட்ட தொகைதான் பின்னால் மனக்கசப்பாகும்.

கேள்வி: நான் ஆறு வளர்ப்பு இல்லங்களில் மாறி மாறி வளர்ந்தவன். தொழில் நன்றாக நடக்கிறது. ஆனால் கல்லாவை யாரிடமும் கொடுக்க மனம் வருவதில்லை. நல்ல ஊழியர்கள் விலகிப்போகிறார்கள்.

பதில்: உங்கள் எச்சரிக்கையில் தவறில்லை, அது உங்களைக் காத்த குணம். அதற்காக நம்பிக்கையைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க வேண்டியதுமில்லை. பணம் வாங்குபவர் ஒருவர், வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பவர் இன்னொருவர், குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு கையொப்பம் என்று முறை வகுத்துவிட்டால், ஆளை நம்பும் சுமை உங்களுக்குக் குறையும். தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்ற வருத்தம் ஊழியருக்கும் இராது. அந்த விதி உங்களுக்கும் சேர்த்தே இருக்கட்டும். முதலாளி மட்டும் கல்லாவில் கைவிட்டு எடுப்பதைப் பார்க்கும் ஊழியர் எந்த முறையையும் மதிக்கமாட்டார். சிறு செலவுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.