குரங்கின் மூளையில் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குச் செய்தி போகும் நேரத்தை, ஒளியைக் கண்டு கையெடுக்கும் வேகத்தை வைத்து அளக்க முடியுமா?

முடியும். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் புராஜெக்டுக்குத் திட்டம் போடுகிறீர்கள் போலிருக்கிறது. குரங்கு ஆய்வகத்தில் சில வருஷம் பயிற்சியாளனாக இருந்தவன் என்பதால் பாடத்தில் வராததையும் சொல்கிறேன்.

குரங்கு நடுப்புள்ளியைப் பார்த்தபடி இருக்க, இடப்பக்கம் ஒளி மின்னினால் அது முதலில் வலது மூளைக்குப் போகும். இடக் கையை இயக்குவதும் வலது மூளைதான். ஆக, இடக் கை என்றால் வேலை ஒரே பாதிக்குள் முடியும். வலக் கை என்றால் செய்தி, இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலமான கார்பஸ் கலோசத்தைக் கடந்தாக வேண்டும். இரண்டு நேரங்களையும் கழித்தால் கடக்கும் நேரம் கிடைக்கும். 1912-இல் பாஃபன்பெர்கர் என்ற உளவியலாளர் மனிதர்களிடம் போட்ட கணக்கு இது. கிடைக்கும் வித்தியாசம் 3, 4 மில்லி விநாடிதான்.

கையெடுக்கவே கால் விநாடி போல ஆகும். அதற்குள் இந்தத் துளியைத் தேட வேண்டும். நான் பழக்கிய குரங்கு ஒருவன் மகா கெட்டிக்காரன். ஒளி வரும் இடைவெளியை ஊகித்துவிடுவான். கண் புள்ளியை விட்டு அசையாது, உதடு பரிசாக ஜூஸ் வரும் குழாயைத் துழாவும், லீவரில் இருக்கும் விரல்கள் மட்டும் ஒளி வருவதற்கு முன்பே மெல்ல எழும்பும். இடைவெளியை மாற்றிக்கொண்டே இருந்ததில்தான் வழிக்கு வந்தான். 100 மில்லி விநாடிக்குள் வந்த பதில்களைத் தள்ளிவிட்டோம். தாகம் தணியத் தணிய ஆள் மந்தமாகிவிடுவான், அதன் முன் 3 மில்லி விநாடி எம்மாத்திரம்? அதனால் இரு கைகளையும் சின்னச் சின்னத் தொகுதிகளாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

திரையையும் நம்பாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படம் வரைய 16.7 மில்லி விநாடி எடுக்கும், அதுவும் மேலிருந்து கீழாக. இரண்டு ஒளியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். மூலையில் ஒளி உணரி ஒட்டி, அது காட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

'எந்தப் பக்கம் ஒளியோ அந்தக் கை' என்றும் பழக்காதீர்கள். பக்கம் பொருந்தும் கை தானே முந்தும், நீங்கள் தேடும் வித்தியாசம் அதில் காணாமல் போகும்.

கலோசத்தில் தடித்த நரம்பு இழை வேகமாகவும் மெல்லியது மெதுவாகவும் செய்தி கடத்தும், ஒற்றை எண் எப்படிப் போதும் என்று நிபுணர்கள் சண்டைக்கு வரலாம். வாஸ்தவம், நான் சராசரியைத்தான் சொல்கிறேன். ஆனால் கடக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். வலிப்புக்காகக் கலோசம் வெட்டப்பட்ட மனிதர்களிடம் இதே வித்தியாசம் பல பத்து மில்லி விநாடியாக நீள்கிறது. குரங்குக்கோ முன் இணைப்பு (anterior commissure) என்ற இன்னொரு சின்ன நரம்புப் பாலம் வழியாகவும் பார்வைச் செய்தி கடக்கும். கலோசத்தை வெட்டினால் கதவு முழுக்கச் சாத்தப்பட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

விலங்குகளை வைத்து ஆராய்வது சரியா என்பது தனிக் கேள்வி, அதை இங்கே கிளப்ப வேண்டாம்.

அப்புறம், சம்பந்தமில்லாத ஒன்று. லீவர் செய்தவன், குரங்கைப் பழக்கியவன், ஞாயிற்றுக்கிழமையும் வந்து தண்ணீர் வைத்தவன் எல்லாம் நான். கட்டுரை வந்தபோது ஆசிரியர் வரிசையில், ஆய்வகத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காதவர் இருந்தார். என் பெயர் நன்றியுரையில், அதுவும் எழுத்துப் பிழையோடு. உங்கள் புராஜெக்டில் யார் பெயர் எங்கே வரும் என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.