பட்டறை நவச்சாரத்தை இருமலுக்குக் கொடுக்கலாமா?

காத்தான்குடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "கணவர் வீட்டோடு சேர்ந்த சாய்ப்பில் கிடாரங்களுக்கு ஈயம் பூசுகிறார். நாலு வயது மகனுக்கு ஒரு மாதமாக இருமல். பாமசியில் வாங்கிய இருமல் பாணிப் போத்தலில் 'அமோனியம் குளோரைட்' என்று இருக்கிறது. ஈயம் பூசும்போது தான் தூவுகிற நவச்சாரம் அதுதான் என்கிறார் கணவர். அப்படியென்றால் ஒரு துண்டை வெந்நீரில் கரைத்துக் கொடு என்கிறா மாமி. கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம், தங்கச்சி. கணவர் சொன்னது சரிதான். பெயர்தான் இரண்டு, உப்பு ஒன்று. ஆனால் பாணியில் சேர்ப்பது மருந்துக்கென்று சுத்தமாக்கி அளந்தது. இப்படியான பாணிகள் பலவற்றில் 5 மில்லிலீற்றருக்குச் சுமார் 135 மில்லிகிராம்தான் இருக்கும். பட்டறைக் கட்டியில் ஒரு சின்னத் துண்டே அதைவிடப் பல மடங்கு, அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்றும் தெரியாது. அளவு கூடினால் வயிற்றைப் புரட்டி வாந்தி வரும், இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும். ஈரல், சிறுநீரக வருத்தம் உள்ள பெரியவர்களே தொடக்கூடாத உப்பு இது. தண்ணீரில் போட்டால் கோப்பை சில்லென்று குளிரும். அது உப்பு கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுப்பதால் வருவது, நெஞ்சுக்குக் குளிர்ச்சி தரும் குணமல்ல.

அந்தப் பாணியையும் நாலு வயதுப் பிள்ளைக்கு நான் எழுதித் தரமாட்டேன். சளியை இளக்கும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. இப்படியான பாணிகளில் கூடவே பெரும்பாலும் சேர்த்திருக்கும் டைபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்து பிள்ளையைத் தூக்கத்தில் ஆழ்த்தும். இருமல் குறைந்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான். படுக்கப் போகும்போது ஒரு தேக்கரண்டி தேன் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பயமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் சாய்ப்புத்தான். காய்ந்த கிடாரத்தில் நவச்சாரத்தைத் தூவியதும் குப்பென்று வெள்ளைப் புகை கிளம்புமே, பார்த்திருப்பீர்கள். சூட்டில் அந்த உப்பு அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைட்டாகவும் பிரிகிறது. செம்பின் கறுப்பை அரித்து ஈயத்தை ஒட்டவைப்பது அந்த அமில வாயுதான். மேலே போய் இரண்டும் திரும்பச் சேர்ந்து மாவு போன்ற தூளாகிக் காற்றில் மிதக்கும். பெரிய ஆளுக்கே கண் எரிந்து தொண்டை கரகரக்கும். சின்ன மூச்சுக்குழாய் என்ன பாடுபடும்? முட்டு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையென்றால் உடனே இழுக்கத் தொடங்கும். அதுவும் மாரி மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தால் புகை வீட்டுக்குள்தான் வரும். வேலையை வெளியே, காற்று வீட்டைவிட்டு விலகிப்போகும் பக்கமாக மாற்றச் சொல்லுங்கள். மகனைத் தூக்குமுன் அவர் உடுப்பை மாற்றிக் கைகால் கழுவட்டும்.

அப்புறம், பூசுகிற ஈயம் எது? வெள்ளீயம், காரீயம் இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் மட்டும்தான். காரீயம் கலந்திருந்தால் அது பிள்ளையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும், சாப்பிடுகிற மற்றவர்களுக்கும் நஞ்சு.

ஒரு மாத இருமலை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். இந்த வாரமே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். முட்டா, காசநோயா, வேறேதுமா என்று நெஞ்சைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கும்போது விலாவுக்கிடையில் பள்ளம் விழுந்தாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிஷமே புறப்படுங்கள். வாப்பா ஈயம் பூசுகிறவர் என்பதை டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நெரிசலான கிளினிக்கில் அதைக் கேட்க அவருக்குத் தோன்றாமல் போகலாம்.