முவெட்டில் பேண்ட் 4 பெற்றும் ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கத் திணறுவது ஏன்?

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான முவெட்டில் பேண்ட் 4 என்ற தரநிலை பெற்றிருந்தும் ஆங்கில ஆய்வுக் கட்டுரைகள் பிடிபடவில்லை என்றும், இடுபணிகளில் ‘வாதம் இல்லை’ என்ற குறிப்பே திரும்பத் திரும்ப வருகிறது என்றும், இதற்காக இலக்கண வகுப்பில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் முதுகலை படித்த காலந்தொட்டு இளைய மாணவர்களின் வரைவுகளை வாசித்துக் கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

முவெட்டின் எழுத்துத் தாளில் மின்னஞ்சல் அல்லது கடிதம் ஒன்றும், குறைந்தது 250 சொற்களில் கட்டுரை ஒன்றும் எழுதியிருப்பீர்கள். அக்கட்டுரைக்கு உங்கள் சொந்தக் கருத்தே போதுமானது. பிறர் எழுதியவற்றைப் படித்து, எடைபோட்டு, அவற்றின்மேல் வாதத்தை எழுப்ப வேண்டிய தேவை அங்கே எழவில்லை. பல்கலைக்கழகமோ முதல் பருவத்திலேயே அதைத்தான் எதிர்பார்க்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்ததால்தான் இந்தச் சிரமம் என்று எண்ண வேண்டாம்; வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

முதலில் வாசிப்பைச் சரிசெய்யுங்கள். முதல் வரியிலிருந்தே அகராதியோடு மல்லுக்கட்டாமல், ஆய்வுச் சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுரை என்ற வரிசையில் படித்த பிறகே நடுப்பகுதிக்குள் நுழையுங்கள். மொழியியலாளர் ஜான் சுவேல்ஸ் 1990இல் விளக்கியபடி, ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை பெரும்பாலும் மூன்று நகர்வுகளைக் கொண்டது: துறையில் இதுவரை அறியப்பட்டது, அதில் விடுபட்ட இடம், அந்த இடத்தை இக்கட்டுரை நிரப்பும் விதம். இரண்டாம் நகர்வு பல கட்டுரைகளில் ‘ஹவெவர்’ (ஆனால்) என்று தொடங்கும் வாக்கியத்தில் இருக்கும். அது கிடைத்துவிட்டால், கட்டுரை எதற்காக எழுதப்பட்டது என்பதும் விளங்கிவிடும். பின்னர் கட்டுரையை மூடிவைத்து, அதன் வாதத்தையும் சான்றையும் ஒரு நண்பரிடம் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். (மாமாக் கடையில் தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க இயலாவிட்டால், இன்னொரு முறை வாசித்தாக வேண்டும்.)

எழுதும்போதும் கட்டுரை மூடியே இருக்கட்டும். மூலத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டால், அது பிறருடைய வாக்கியமாகவே நிற்கும். எழுத்துத் திருட்டைக் கண்டறியப் பயன்படும் ‘டர்னிட்டின்’ மென்பொருள் காட்டும் ஒப்புமை விழுக்காட்டைக் குறைப்பதற்காகப் பலர் இவ்வாறு செய்கிறார்கள். அந்த மென்பொருள் ஒத்த சொற்றொடர்களைக் காட்டுமே தவிர, சிந்தனை யாருடையது என்று சொல்லாது.

‘வாதம் இல்லை’ என்ற குறிப்பு, இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று அடுக்கிச் செல்லும் பத்திகளுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. பத்தியின் முதல் வாக்கியத்தில் உங்கள் கூற்றை வைத்து, ஆய்வாளர்களை அதற்குச் சான்றாகவோ மறுப்பாகவோ அழையுங்கள். கூற்றின் வலிமை சான்றின் அளவை மீறக் கூடாது: ஒரே கல்லூரியின் நாற்பது மாணவர்களைக் கொண்ட ஆய்வு எதையும் நிறுவிவிடாது, ஒரு போக்கைச் சுட்டலாம். நன்னூல் பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவற்றை மனத்தில் இருத்தி உங்கள் வரைவைத் திருத்திப் பாருங்கள். விரிவுரையாளர் ஓரத்தில் எழுதும் குறிப்புகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சொல்வளத்திற்கு, மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட, கல்விசார் ஆங்கில எழுத்தில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களின் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்தொகுதிகளின்) பட்டியல் உதவும். அதை மனப்பாடம் செய்யாமல், வாசிப்பில் எதிர்ப்படும் சொற்களை மட்டும் குறித்துவாருங்கள். அடுத்த இடுபணிக்கு விரிவுரையாளரைச் சந்திக்கும்போது முழு வரைவையும் நீட்டாமல், ஒரே பத்தியைக் கொண்டுசென்று, இதில் என் கூற்று எது என்று தெரிகிறதா எனக் கேளுங்கள்.